பஸ் கிளம்பிய பிறகு பத்து நிமிடம்: ஹோட்டல் கழிப்பறையை யார் பொறுப்பில் விடுவது?

என் சித்தப்பா மகன் உளுந்தூர்பேட்டை தாண்டி, திருச்சி போகும் பக்கம், ரோட்டோரத்தில் ஒரு சைவ ஹோட்டல் திறக்கிறான். 80 பேர் உட்காரலாம், வாசலில் நாலு பஸ் நிற்கலாம். கிரைண்டர், பாய்லர், தோசை மாஸ்டர் எல்லாம் முடிவான பிறகு ஒரு ராத்திரி போன் போட்டான். "அண்ணே, பாத்ரூமுக்கு என்ன பண்றது? கிளீனிங் ஏஜென்சிகிட்ட விட்டுடலாமா? குத்தகைக்கு வேற ஒருத்தர் கேக்குறாரு."

அதே சாலையில் வேறொரு ஹோட்டலில் 9 வருஷம் மேனேஜராக இருந்தவன் நான். கல்லாவில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரியும். சாம்பாரில் உப்பு கூடினால் வாடிக்கையாளர் சப்ளையரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். கழிப்பறை நாறினால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார், பில்லைக் கொடுத்துவிட்டுப் போவார், அடுத்த முறை வண்டி நிற்காது. குடும்பமாக வரும் காரில் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது ஓட்டுகிறவர் இல்லை, பின் சீட்டில் இருக்கும் அம்மா.

அவனிடம் ஏஜென்சியா குத்தகையா என்று நேராகப் பதில் சொல்லவில்லை. ராத்திரி 8:40க்கு ஒரு ஆம்னி பஸ் நிற்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். 35 பேர் இறங்குவார்கள். பாதிப் பேருக்கு மேல் டீக்கு முன்னால் கழிப்பறைக்குத்தான் போவார்கள். ஆண்கள் பக்கம் ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடும். பெண்கள் பக்கம் டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை வரிசை நிற்கும். பஸ் கிளம்பியதும் உள்ளே போய்ப் பார்த்தால் தரை முழுக்க தண்ணீர், அதன் மேல் பார்க்கிங் மண்ணோடு செருப்புத் தடங்கள். பக்கெட் குழாய்க்கடியில் இல்லாமல் கதவோரம் கிடக்கும். ஒரு குழாய் சரியாக மூடப்படாமல் ஒழுகும். வாஷ்பேசினில் பாக்கு எச்சிலும் ஒரு கொத்து முடியும். ஒரு டாய்லெட் பேசினில் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்காது.

இதைச் சரிசெய்ய ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் நடக்கவில்லை என்றால், அடுத்த பஸ்ஸில் வருகிறவர்கள் சேலையையும் பேன்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நடப்பார்கள், எதையும் தொடக் கூசுவார்கள், தொடாததால் ஃப்ளஷ்ஷும் பண்ண மாட்டார்கள். மூன்றாவது பஸ்ஸுக்கு அது கழிப்பறையாகவே இருக்காது. காலையில் ஒரு மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்ததெல்லாம் அதோடு போச்சு. அதனால் எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பஸ் போன அந்தப் பத்து நிமிடத்தில் அங்கே யார் நிற்பார்?

டேபிள் துடைக்கிற பையனையே பார்க்கச் சொல்வது

சாலையோர ஹோட்டல்களில் இதுதான் அதிகம் நடக்கிறது. செலவு இல்லை என்று தோன்றும். "தம்பி, அப்படியே பின்னாடி போய் ஒரு வாளி தண்ணி அடிச்சு விட்டுட்டு வா." ஆனால் பஸ் கிளம்பும் நேரம் எது? 35 பேர் சாப்பிட்ட மேஜைகள் அப்படியே கிடக்கும் நேரம். அடுத்த பஸ் வருவதற்குள் மேஜையா, கழிப்பறையா என்றால் சூப்பர்வைசர் கண்ணுக்கு முன்னால் இருக்கும் மேஜைதான் ஜெயிக்கும். பையன்மேல் தப்பில்லை.

அதைவிடப் பெரிய பிரச்சினை, கழிப்பறையைக் கழுவிய கை நேராகத் தட்டுக்கும் டம்ளருக்கும் வருவது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சட்டை அதே சட்டை, செருப்பு அதே செருப்பு. சில இடங்களில் துணியும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிமுறைகள் கழிப்பறைக் கதவு சமையல் பகுதிக்குள் நேராகத் திறக்கக் கூடாது என்கின்றன. கதவைத் திருப்பி வைத்துவிட்டு, ஆளை இரண்டு பக்கமும் ஓடவிட்டால் என்ன பிரயோஜனம்? பத்துப் பேர் உட்காரும் டீக்கடைக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். 80 பேர் உட்காரும் ஹோட்டலில் இதை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

குத்தகைக்கு விடுவது

தம்பிக்கு மிகவும் பிடித்திருந்தது இதுதான். ஒருவர் வருவார், மாதாமாதம் நமக்கே பணம் தருவார், அவரே ஆள் போடுவார், வாசலில் மேஜை போட்டு தலைக்கு 5 ரூபாயோ 10 ரூபாயோ வாங்கிக்கொள்வார். செலவு வருமானமாக மாறுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

காசு வாங்கும் கழிப்பறை மோசமான யோசனை இல்லை. பிந்தேஷ்வர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் நிறுவனம் 1974இல் பாட்னாவில் கட்டணக் கழிப்பறையைத் திறந்தது. அந்த முறை நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணம் இருக்கிறது: பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷன் வாசலிலும் கழிப்பறை யாருடையதும் இல்லை, காசு வாங்க ஒருவர் உட்கார்ந்தால்தான் அது ஒருவருடையது ஆகிறது. ஹோட்டலில் நிலைமை அப்படி இல்லை. அங்கே வாடிக்கையாளர் ஏற்கெனவே நம் ஆள். நாலு பேருக்கு நெய் ரோஸ்ட்டும் காபியும் வாங்கிய குடும்பம், பின்பக்கம் போனால் சில்லறை கேட்டு ஒருவர் கையை நீட்டுகிறார். பத்து ரூபாய் பெரிதில்லை. ஆனால் சாப்பாட்டின் ருசியை அந்தப் பத்து ரூபாய் தின்றுவிடும்.

இன்னொன்று. குத்தகைக்காரர் கவனம் வாசலில்தான் இருக்கும், உள்ளே இருக்காது. பஸ் வந்தால் அவர் ஆள் காசு வாங்க உட்காருவான்; பஸ் போனதும் அடுத்த பஸ் வரும்வரை படுத்துக்கொள்வான். நமக்கு வேண்டிய பத்து நிமிடம் எங்கே போனது பாருங்கள். கேட்டால், "சார், தண்ணி மோட்டார் உங்களுது, உங்க ஆளு போடல" என்பான். நான் வேலை பார்த்த இடத்திலேயே ஒரு வருஷம் இப்படி விட்டுப் பார்த்தோம். தண்ணீர், குழாய் ரிப்பேர், அடைப்பு ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று பேசியே வருஷம் ஓடியது. திட்டு மட்டும் எங்கள் போர்டுக்கு விழுந்தது.

குத்தகை சரிப்பட்டு வரும் இடம் ஒன்று உண்டு. நாள் முழுக்கப் பஸ்கள் நிற்கும், சாப்பிடாமல் கழிப்பறைக்கு மட்டும் வரும் கூட்டமே பெரிதாக இருக்கும் பயண நிறுத்தங்கள். அங்கே கழிப்பறையே தனி வியாபாரம். அப்போதும் ஹோட்டலுக்குள் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக இரண்டு வைத்துவிட வேண்டும்.

சாப்பிடாமல் வருகிறவர்களை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. தெற்கு டெல்லி மாநகராட்சி 2017இல், ஹோட்டல்களும் உணவகங்களும் கழிப்பறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும், வேண்டுமானால் 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. ஜெர்மனியில் ஆலென் என்ற ஊரில் 2000இலிருந்து வேறு வழி: கழிப்பறையைத் திறந்து விடும் கடைகளுக்கு நகராட்சியே பணம் கொடுக்கிறது. நம் ரோட்டில் இரண்டும் இல்லை. என் கருத்து, சும்மா விட்டுவிடலாம். கழிப்பறைக்கு என்று இறங்கும் குழந்தை வெளியே வரும்போது கண்ணில் படும்படி முறுக்கையும் கடலை மிட்டாயையும் வைத்தால் கணக்கு நேராகிவிடும். பூட்டுப் போட்டு சாவியைக் கல்லாவில் வைப்பது மட்டும் வேண்டாம். அவசரத்தில் வருகிற ஒருவரை நாலு பேர் முன்னால் சாவி கேட்க வைப்பது மரியாதை இல்லை.

ஏஜென்சியா, நம் சொந்த ஆளா

மிச்சம் இருப்பது இந்த இரண்டும்தான். போட்டி கடினமானதும் இங்கேதான்.

ஏஜென்சியிடம் இருக்கும் உண்மையான சரக்கு மாற்று ஆள். கணக்கைப் பாருங்கள். காலை 6 மணியிலிருந்து ராத்திரி 11 வரை ஓடும் ஹோட்டலுக்கு நாளுக்கு இரண்டு ஷிப்ட், வாரத்துக்கு 14. ஒருவருக்கு வாரம் ஒரு நாள் லீவு என்றால் இரண்டு பேரால் 12தான் முடியும். மிச்சம் இரண்டு ஷிப்டுக்கு யார்? 24 மணி நேர ஹோட்டல் என்றால் வாரத்துக்கு 21 ஷிப்ட்; மூன்று பேர் பார்ப்பது 18. நாலாவது ஆளை எடுத்தால்தான் சமாளிக்கலாம். இதைக் கணக்கில் வைக்காமல், "ரெண்டு பேரைப் போட்டிருக்கேன்" என்று சொல்லும் முதலாளிகளின் கழிப்பறை வாரத்தில் இரண்டு நாள் நாறும். அதுவும் அநேகமாக ஞாயிற்றுக்கிழமை. ஏஜென்சி என்றால் ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை அனுப்ப வேண்டியது அவர்கள் தலைவலி.

ஆனால் பில்லில் பலர் பார்க்காத ஒரு வரி இருக்கிறது. ஏஜென்சி போடும் ஜிஎஸ்டி 18 சதவீதம். சாதாரண உணவகம் வாடிக்கையாளரிடம் வாங்குவது 5 சதவீதம், அந்த 5 சதவீத முறையில் இருப்பவர் தான் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆக, மாதம் 20,000 ரூபாய் பில் என்றால் அதன் மேல் 3,600 ரூபாய் அப்படியே கைவிட்டுப் போகும். பெரிய கம்பெனி அலுவலகங்களுக்கு ஏஜென்சி கட்டுப்படியாகிறதே என்றால், அவர்களில் பலருக்கு அந்த வரி திரும்பி வரும், நமக்கு வராது.

அந்த 20,000இல் வேலை செய்கிறவர் கைக்குப் போவது எவ்வளவு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஏஜென்சி கமிஷன் போக மிச்சம்தான் அது. இஎஸ்ஐ கட்டாமல் டிமிக்கி கொடுக்கும் ஏஜென்சிகளும் உண்டு. "அது அவங்க பிரச்சினை" என்று இருந்துவிட முடியாது. யாருடைய இடத்தில் வேலை நடக்கிறதோ அந்த முதலாளியிடம்தான் சட்டம் முதலில் வரும். மாதாமாதம் கட்டிய ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு பில்லைக் கொடுப்பதே புத்திசாலித்தனம். நேரடியாக ஆள் எடுத்தால் இஎஸ்ஐயில் முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம்தான்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஏஜென்சி ஆள் மாதம் ஒருவராக மாறிக்கொண்டே இருப்பார். வருகிறவருக்கு நம் கழிப்பறையின் குணம் தெரியாது. எந்தக் கதவின் தாழ்ப்பாள் சிக்கும், எந்தப் பேசினில் தண்ணீர் மெதுவாக இறங்கும், மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டால் தொட்டி நிரம்பும் என்று தெரிய மூன்று மாதம் ஆகும். தெரிந்ததும் அவரை வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கும் கையெழுத்துத் தாளும் இந்த ஏற்பாட்டோடு வந்ததுதான். மணிக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து. ஒரு நாள் மத்தியானம் 2 மணிக்கு நான் போய்ப் பார்த்தபோது மாலை 6 மணிவரைக்கும் கையெழுத்து ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு.

நாற்றம் எங்கிருந்து வருகிறது

சொந்த ஆள்தான் சரி என்று நான் மனம் மாறியது ஒரு அக்காவால். பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்தார். வந்த முதல் வாரமே, "சார், ஆசிட்ட நிறுத்துங்க, அதான் நாறுது" என்றார். நான் சிரித்தேன். தினமும் ஆசிட் ஊற்றியும் நாறுகிற இடத்தில் ஆசிட்டை நிறுத்தினால் என்ன ஆகும்?

அவர் சொன்னது சரி. போர்வெல் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, சிறுநீரோடு சேர்ந்து பீங்கானில் மஞ்சளாகப் படியும். அந்தப் படிவை எடுக்க ஆசிட் கலந்த கிளீனர் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் தினமும் தரையில் ஊற்றினால் அது டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட்டைத் தின்னும். இடுக்கு பள்ளமாகும், அங்கே சிறுநீர் தங்கும், கிருமிகள் அதிலிருக்கும் யூரியாவை அமோனியா ஆக்கும். மூக்கில் ஏறும் அந்தக் காரம் அதுதான். மேலே பினாயில் ஊற்றினால் அமோனியாவோடு பினாயில் வாசனையும் சேரும், அவ்வளவே. அந்துருண்டை போட்டாலும் அப்படித்தான். நாங்கள் இடுக்குகளைச் சுரண்டி, எபாக்ஸி பசை வைத்து அடைத்தோம். ஆசிட் வாரம் ஒருமுறை, பீங்கானுக்குள் மட்டும். தரைக்குச் சோப்புத் தூளும் நீளமான பிரஷ்ஷும், பிறகு நிறையத் தண்ணீர், வைப்பர் போட்டு இழுத்துக் காயவிடுவது. பாதி நாற்றம் அதிலேயே போனது.

மீதிப் பாதி நானி டிராப்பில் இருந்தது. தரையில் ஜல்லடை மூடி போட்ட குழி இருக்கிறதே, அதற்குள் இரண்டு அங்குல அளவுக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. ஆள் போகாத, பூட்டியே வைத்திருந்த ஓர் அறையில் அந்தத் தண்ணீர் காய்ந்துவிட்டது. "ஒரு மக்கு தண்ணி ஊத்துங்க போதும்" என்றார் அக்கா. ஊற்றினோம். சாயங்காலத்துக்குள் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு ஏஜென்சி சூப்பர்வைசர்கள் ரூம் ஸ்பிரே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

ஒன்றை மட்டும் யாரை வேலைக்கு வைத்தாலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: ஆசிட் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சின்ன, ஜன்னல் இல்லாத அறைக்குள் அது உயிரோடு விளையாடுகிற காரியம். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேராகப் பிளீச்சிங் கொட்டினாலும் கண் எரியும் புகை வரும். முதலில் தண்ணீர், அப்புறம்தான் மற்றது. இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வைக்காமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும்.

இந்தியனா வெஸ்டர்னா என்றும் தம்பி கேட்டான். இந்தியன் அதிகம், முட்டிவலிக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெஸ்டர்ன், சுவரில் பிடிமானக் கம்பியோடு. சென்சார் குழாய் வேண்டாம், நம் உப்புத் தண்ணீருக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பெண்கள் பக்கம் ஆண்கள் பக்கத்தைவிட அறைகள் கூட இருக்க வேண்டும், அங்கே ஒவ்வொருவருக்கும் நேரம் அதிகம் ஆகும், குழந்தையும் கூட வரும். கதவுக்குப் பின்னால் கைப்பை மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, நாப்கினைச் சுற்றிப் போட பழைய செய்தித்தாள் கொஞ்சம். தொட்டி இல்லாத கழிப்பறையில் நாப்கின் பேசினுக்குள்தான் போகும், அடைப்பு எடுக்கும் செலவில் நூறு தொட்டி வாங்கலாம்.

செப்டிக் டேங்க் விஷயத்தில் சொந்த ஆள், ஏஜென்சி ஆள் என்ற பேச்சே கிடையாது. எந்த மனிதரும் உள்ளே இறங்கக் கூடாது, கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரிதான். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குகிறவருக்கு முதல் தடவையே இரண்டு வருஷம்வரை சிறை அல்லது 2 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடைத்துக்கொண்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லாரி தேடி அலைவதில்தான், "யாரையாவது இறக்கிப் பாருப்பா" என்ற வார்த்தை வாயில் வரும். டேங்க் நிரம்பும் முன்பே, கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, லாரியைக் கூப்பிட்டு எடுத்துவிட வேண்டும்.

கடைசியில் தம்பிக்கு நான் சொன்ன ஏற்பாடு இது. காலை ஷிப்டுக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர், வார லீவுக்கு அரை நேர ஆள் ஒருவர், மூவரும் ஹோட்டல் சம்பளப் பதிவேட்டில். சப்ளையருக்குக் கொடுப்பதைவிட 1,000 ரூபாயாவது கூட. ஏஜென்சியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, மெஷின் போட்டு முழுக்கத் தேய்க்கச் சொல்லலாம், அதற்கு அவர்கள்தான் லாயக்கு. சிவப்பு வாளி, சிவப்பு மாப்பு கழிப்பறைக்கு மட்டும்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொன்னேன். கழிப்பறை வேலைக்கு வருகிறவர் மற்ற ஊழியர்கள் சாப்பிடும் நேரத்தில், அதே பந்தியில், அதே தட்டில் சாப்பிட வேண்டும். "மாஸ்டருங்க ஏதாவது சொல்வாங்கண்ணே" என்றான். சொல்கிறவர் யார் என்று பார்த்து அவரை அனுப்பிவிட்டு வேறு மாஸ்டரைப் பார் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

போன வாரம் ஆள் கிடைத்துவிட்டார் என்று பேசினான். அந்த அம்மா வேலையில் சேரும் முன் இரண்டு பொருள் கேட்டாராம்: நீளமான ஹோஸ் ஒன்று, உட்கார ஒரு நாற்காலி. ஹோஸ் வாங்கிவிட்டான். நாற்காலியை எங்கே போடுவது என்று கேட்டான். பெண்கள் பக்க வாசலில், பஸ் உள்ளே திரும்புவது தெரிகிற மாதிரி, ஃபேனுக்குக் கீழே போடு என்றேன்.